விலக்கா, அளவா?

உடல் எடையைக் குறைக்க முடிவெடுக்கும் பலர் முதலில் செய்யும் வேலை, ஒரு பட்டியல் போடுவதுதான். நாசி லெமாக் கூடாது. ரொட்டி சானாய் கூடாது. தே தாரிக் கூடாது. இரவில் சோறே கூடாது. திங்கட்கிழமை காலையில் தொடங்கும் இந்தப் பட்டியல் வியாழக்கிழமை வரை உறுதியாக நிற்கும். வெள்ளிக்கிழமை மாலையில் யாரோ ஒருவரின் பிறந்தநாள் வரும். ஒரு துண்டு கேக் வாய்க்குள் போகும். "அதுதான் கெட்டுப் போய்விட்டதே, இனி என்ன?" என்ற எண்ணம் தலைதூக்கும். அன்றிரவே பட்டியல் காற்றில் பறக்கும். அடுத்த திங்கட்கிழமை மற்றொரு பட்டியல் தயாராகும்.

இவ்வாறு தொடங்குவதும் கைவிடுவதுமாக இருப்பவரைப் பார்த்து, "மனவுறுதி போதவில்லை" என்று பிறர் சொல்வதுண்டு. அவரும் தம்மைத் தாமே அப்படித்தான் நொந்துகொள்கிறார். ஆனால், உடலியல் அறிஞர்களும் உளவியல் அறிஞர்களும் பல ஆண்டுகளாக நடத்தியுள்ள ஆய்வுகள், பழியை மனவுறுதியின் மீது மட்டும் சுமத்த முடியாது என்று காட்டுகின்றன. பட்டியல் அமைந்த விதத்திலேயே தோல்விக்கான வித்து இருக்கிறது.

பெருகிவரும் சிக்கல்

மலேசியாவில் உடல் பருமன் ஒரு தலைமுறைக்குள் வேகமாகக் கூடியுள்ளது. 1996-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 4.4 விழுக்காட்டினரே உடல் பருமன் உடையவர்களாக இருந்தனர். 2019-ஆம் ஆண்டில் அந்த அளவு 19.7 விழுக்காடாக உயர்ந்தது. மிகை எடை கொண்டவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், 2023-ஆம் ஆண்டில் நாட்டின் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் இயல்பான எடையைத் தாண்டியிருந்தனர். அதாவது, இருவரில் ஒருவருக்கும் மேல். 13 முதல் 17 வயது வரையிலான பதின்ம வயதினரிடையே 2022-இல் நடத்தப்பட்ட ஆய்விலும் ஏறத்தாழ பத்தில் மூவர் இந்த நிலையில் இருப்பது தெரியவந்தது.

மிகை எடை தோற்றம் பற்றிய சிக்கல் மட்டுமன்று. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், மூட்டுவலி ஆகியவற்றுக்கு அது வழிவகுக்கிறது. ஆசிய மக்களுக்கு இந்த இடர் சற்றுக் குறைவான எடையிலேயே தொடங்கிவிடுகிறது. இதனால்தான் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, ஆசியப் பெரியவர்களின் உடல் எடைக் குறியீடு 23-ஐத் தொடும்போதே கவனம் தேவை என்று 2004-இல் பரிந்துரைத்தது.

ஆகவே, எடையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் சரியானதே. எந்த வழியில் என்பதே கேள்வி.

பட்டினியை உடல் மறப்பதில்லை

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் ஐரோப்பாவில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் வாடினர். அவர்களுக்கு எவ்வாறு உணவளித்து உடலைத் தேற்றுவது என்று அறிய, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் 1944-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். உடல்நலமிக்க 36 இளைஞர்கள் அதில் தாமாக முன்வந்து பங்கேற்றனர். 24 வாரங்களுக்கு அவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கிலோகலோரி உணவு மட்டுமே வழங்கப்பட்டது. அவர்கள் வழக்கமாக உண்டுவந்ததில் அது பாதி அளவுதான்.

அவர்களின் எடை ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. கூடவே வேறு மாற்றங்களும் வந்தன. அவர்களுக்கு எப்போதும் குளிரெடுத்தது. களைப்பும் எரிச்சலும் மிகுந்தன. பேச்செல்லாம் உணவைப் பற்றியதாக மாறியது. சிலர் சமையல் குறிப்புப் புத்தகங்களைச் சேகரித்து, பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டிருந்தனர். கட்டுப்பாடு நீங்கிய பின்னர், வயிறு நிரம்பிய பிறகும் பசி அடங்கவில்லை என்று பலர் கூறினர், அளவின்றி உண்டனர். இழந்த எடை திரும்பியதோடு, உடலில் முன்பிருந்ததைவிடக் கூடுதலான கொழுப்பும் சேர்ந்தது.

இந்த இளைஞர்கள் மனவுறுதி அற்றவர்கள் அல்லர். பிறர் நலனுக்காகப் பட்டினியை ஏற்றுக்கொண்டவர்கள். அவர்களையே இப்படி ஆக்கிய ஒன்றை, தேர்வுக்கும் வேலைக்கும் நடுவே தனியாளாக எதிர்கொள்பவர் எப்படி வெல்வார்? இன்று இணையத்தில் பரவும் 'பத்து நாளில் ஐந்து கிலோ' போன்ற திட்டங்களுள் பல, அந்த 1,570 கிலோகலோரியைவிடவும் குறைவாக உண்ணச் சொல்கின்றன என்பதை இங்கு நினைத்துப் பார்க்க வேண்டும்.

உடல் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் விளக்கின. 1994-இல் 'லெப்டின்' என்னும் இயக்குநீர் கண்டறியப்பட்டது. கொழுப்புத் திசுக்களில் சுரக்கும் இது, "கையிருப்பு போதுமான அளவு உள்ளது" என்று மூளைக்குத் தெரிவிக்கிறது. 1999-இல் இரைப்பையில் சுரக்கும் 'கிரெலின்' கண்டறியப்பட்டது. இது பசியைத் தூண்டுகிறது. எடை விரைவாகக் குறையும்போது லெப்டின் குறைகிறது, கிரெலின் கூடுகிறது. பஞ்சம் வந்துவிட்டதாக எண்ணி உடல் தன்னைக் காத்துக்கொள்ள முயல்கிறது.

இந்த எச்சரிக்கை எளிதில் அடங்குவதில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில், மிகை எடை கொண்ட 50 பேருக்கு 10 வாரம் மிகக் குறைந்த உணவு அளிக்கப்பட்டது. ஓராண்டு கழித்துச் சோதித்தபோதும் அவர்களின் பசி இயக்குநீர்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று 2011-இல் வெளியான ஆய்வு கூறியது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடை குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது, ஒருவரைத் தவிர மற்ற அனைவருக்கும் எடை திரும்ப ஏறியிருந்தது. மேலும், ஓய்வு நிலையில் அவர்களின் உடல் செலவிடும் ஆற்றல், அவர்களுடைய எடைக்கு எதிர்பார்க்கப்படும் அளவைவிட நாளொன்றுக்குச் சராசரியாக 500 கிலோகலோரி குறைவாக இருந்தது. விரைந்து ஓடியவர்கள் வெகுதூரம் பின்னுக்கு இழுக்கப்பட்டனர்.

மனம் போடும் கணக்கு

உடலைப் போலவே மனமும் தடைக்கு எதிராகச் செயல்படுகிறது. 1975-இல் ஹெர்மன், மேக் என்னும் உளவியலாளர் இருவர் ஒரு சோதனையை நடத்தினர். சுவையறியும் சோதனை என்று கூறி, கல்லூரி மாணவியர் சிலருக்கு முதலில் இனிப்பான பால் பானம் கொடுத்தனர்; வேறு சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லாருக்கும் பனிக்கூழ் வைத்து, வேண்டிய அளவு உண்ணலாம் என்றனர்.

வழக்கமாக உணவுக் கட்டுப்பாட்டில் இல்லாத மாணவியர், பால் பானம் குடித்திருந்தால் பனிக்கூழைக் குறைவாக உண்டனர். இது இயல்பு. வயிறு நிறைந்தால் தேவை குறையும். ஆனால், கட்டுப்பாட்டில் இருந்த மாணவியரின் செயல் இதற்கு நேர்மாறாக இருந்தது. பால் பானம் குடிக்காதவர்கள் பனிக்கூழை அளவோடு சுவைத்தனர். பால் பானம் குடித்தவர்களோ கூடுதலாக உண்டனர்! தாம் வரைந்த கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று தெரிந்தவுடன், கோடே அழிந்துபோனது போல் அவர்கள் நடந்துகொண்டனர்.

தொடக்கத்தில் சொல்லப்பட்ட பிறந்தநாள் கேக்கின் கதையும் இதுதான். எடையை ஏற்றியது அந்த ஒரு துண்டு கேக் அன்று. "கெட்டுப் போய்விட்டதே" என்ற முடிவுக்குப் பிறகு உண்ட மற்ற உணவுகளே.

ஜெர்மனியைச் சேர்ந்த வெஸ்டன்ஹோஃபர் என்னும் ஆய்வாளர் 1991-இல் உணவுக் கட்டுப்பாட்டை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று, 'இறுக்கமான கட்டுப்பாடு'. இதில் உணவு நல்லது, கெட்டது என இரண்டே வகைப்படும். முழுமையாகக் கடைப்பிடிக்க வேண்டும்; இல்லையெனில் தோல்வி. மற்றொன்று, 'நெகிழ்வான கட்டுப்பாடு'. இதில் எந்த உணவும் அடியோடு விலக்கப்படுவதில்லை. அளவும் அடிக்கடி உண்கிறோமா என்பதும் கவனிக்கப்படும். ஒருவேளை கூடினால் அடுத்தடுத்த வேளைகளில் பொறுமையாகச் சரிசெய்யப்படும். நெகிழ்வான முறையைப் பின்பற்றுவோரிடம் கட்டுமீறி உண்ணும் பழக்கம் குறைவாகவும், இறுக்கமான முறையைப் பின்பற்றுவோரிடம் அது மிகுதியாகவும் இருப்பதை அவரது ஆய்வு காட்டியது.

கால், கால், அரை

நெகிழ்வான உணவுமுறை என்றால் மனம் போனபடி உண்பது என்று பொருளன்று. அதற்கும் ஓர் அளவுகோல் வேண்டும். மலேசியச் சுகாதார அமைச்சு பரிந்துரைக்கும் 'சுக்கு-சுக்கு செப்பாரோ' என்னும் தட்டு முறை அத்தகைய அளவுகோலாகும். தட்டில் கால் பங்கு சோறு, மீ, ரொட்டி போன்ற மாவுச்சத்து உணவு. கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு, தௌபூ போன்ற புரதச்சத்து உணவு. மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும்.

இந்த முறையின் சிறப்பு, அதில் 'கூடாது' என்ற சொல்லே இல்லை என்பதாகும். தராசு வேண்டாம், கலோரி எண்ணும் செயலி வேண்டாம், தனிச் சமையலும் வேண்டாம். வீட்டில் சமைத்ததையே, கடையில் வாங்கியதையே வேறு அளவில் பரிமாறிக்கொள்ளலாம்.

வாழையிலைச் சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். இலையின் நடுவில் சோறு மலைபோல் குவிந்திருக்கும். ஓரத்தில் கீரையும் பொரியலும் ஒரு கரண்டி இருக்கும். அதே உணவில் சோற்றைப் பாதியாக்கி, கீரையையும் பொரியலையும் இரண்டு மடங்காக்கினால் தட்டு முறை வந்துவிடும். அப்பளம் வேண்டுமென்றால் மூன்றுக்குப் பதில் ஒன்று போதும். நாசி சம்பூர் கடையில் முதலில் காய்கறிப் பாத்திரங்களின் பக்கம் சென்று பரிமாறிக்கொண்டு, சோற்றைக் கடைசியில் வைத்தால் இடம் தானாகவே குறையும். தோசையோடு தேங்காய்ச் சட்னியைக் குறைத்து, காய்கள் நிறைந்த சாம்பாரைக் கூட்டலாம். நாசி லெமாக் விரும்பி உண்பவர், அதை நாள்தோறும் உண்ணும் காலை உணவாக அன்றி, வாரத்தில் ஒருநாள் ரசித்து உண்ணும் உணவாக மாற்றிக்கொள்ளலாம். வெள்ளரிக்காயைக் கூடுதலாகக் கேட்டுப் பெறலாம்.

பானங்களில் செய்யும் மாற்றம் இன்னும் எளிது, பயனோ பெரிது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, உணவில் சேர்க்கப்படும் சீனியிலிருந்து கிடைக்கும் ஆற்றல், ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டிற்கும் குறைவாக இருக்க வேண்டும். நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது 50 கிராம். இனிப்பிட்ட கெட்டிப் பால் சேர்த்த ஒரு குவளைத் தே தாரிக்கில் 20 கிராம் சீனி இருப்பதாகக் கொள்வோம். நாள்தோறும் மூன்று குவளை குடித்தால் அந்த எல்லையைத் தாண்டிவிடும். மூன்றை இரண்டாக்கினால், ஓராண்டில் 365 குவளை குறையும். அதாவது, 7.3 கிலோகிராம் சீனி உடலுக்குள் செல்லாது! தே தாரிக்கை முற்றாக விட்டொழிக்க வேண்டியதில்லை. "குராங் மானிஸ்" என்று கடைக்காரரிடம் இரண்டு சொற்கள் சொன்னால் எஞ்சிய குவளைகளிலும் சீனி குறையும். நாக்கு அதற்குச் சில வாரங்களில் பழகிவிடும்.

இது தனிமனிதர் மட்டுமே சுமக்க வேண்டிய பொறுப்பும் அன்று. 2019 ஜூலை முதல், 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள இனிப்புப் பானங்களுக்கு மலேசிய அரசு தனி வரி விதித்தது. வரியைத் தவிர்க்க விரும்பும் நிறுவனம் சீனியைக் குறைக்க வேண்டும். இவ்வாறு கடை அலமாரியில் இருக்கும் தேர்வுகள் மாறும்போது, நல்ல பழக்கத்தைக் கைக்கொள்வதும் எளிதாகிறது.

விழா நாளும் வார நாளும்

மலேசியாவில் விழாக்களுக்குப் பஞ்சமில்லை. தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு எனத் திறந்த இல்ல உபசரிப்புகள் தொடர்ந்து வரும். உறவினர் வீட்டில் பாட்டி தம் கையால் சுட்ட முறுக்கை நீட்டி, "ஒன்றே ஒன்று எடுத்துக்கொள் ஐயா" என்று சொல்லும்போது, "நான் டயட்டில் இருக்கிறேன்" என்று மறுப்பவர் முறுக்கை மட்டும் மறுக்கவில்லை. உணவு, உறவோடு பின்னிப் பிணைந்தது. உறவை விலக்கச் சொல்லும் உணவுத் திட்டம் நெடுநாள் நீடிக்காது.

ஒரு வாரத்தில் மூன்று வேளை வீதம் 21 வேளை உணவு உண்கிறோம். அதில் ஒரு வேளை விருந்து என்பது இருபத்தொன்றில் ஒரு பங்கு. மீதி இருபது வேளைகள் சீராக இருந்தால், அந்த ஒன்று எடையை ஏற்றிவிடாது. விருந்துக்குச் செல்லும் முன் நாள் முழுவதும் பட்டினி கிடப்பதும், விருந்துக்கு மறுநாள் தண்டனையாக உணவைத் தவிர்ப்பதும் மீண்டும் அதே பழைய சுழலுக்குள் தள்ளும். பசியோடு செல்பவரே விருந்தில் அளவு தவறுகிறார். மறுவேளை வழக்கமான உணவுக்குத் திரும்பினால் போதும்.

எனினும், நெகிழ்வுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அமெரிக்காவில் 1994 முதல், 13.6 கிலோகிராமுக்குக் குறையாமல் எடையை இழந்து, ஓராண்டுக்கு மேலாக அதைக் காத்துவருபவர்களின் பதிவேடு ஒன்று பேணப்பட்டு வருகிறது. பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் அதில் இணைந்துள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் காலை உணவை நாள்தோறும் உண்கின்றனர். வாரம் ஒருமுறையாவது எடையைப் பார்க்கின்றனர். நாள்தோறும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நடை போன்ற உடலுழைப்பில் ஈடுபடுகின்றனர். வார நாள், வார இறுதி என்று பிரிக்காமல் ஒரே சீராக உண்பவர்களே எடையைக் காத்துக்கொள்வதில் மேம்பட்டு விளங்கினர் என்பதும் அறியப்பட்டது. ஐந்து நாள் இறுக்கமும் இரண்டு நாள் தளர்ச்சியும் நெகிழ்வு ஆகா. எல்லா நாளும் கடைப்பிடிக்கக்கூடிய அளவுக்கு இலகுவாக இருப்பதே நெகிழ்வு.

நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர், சிறுநீரகக் கோளாறு உடையவர், குறிப்பிட்ட உணவுக்கு ஒவ்வாமை கொண்டவர் ஆகியோருக்குச் சில தடைகள் உண்மையிலேயே தேவைப்படும். அவர்கள் மருத்துவரின் அறிவுரையையே பின்பற்ற வேண்டும்.

வளரும் பருவத்தினர் அறிய வேண்டியவை

இடைநிலைப்பள்ளி மாணவர்களின் உடல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. எலும்பின் வலிமைக்கு அடித்தளம் இடப்படுவது இந்தப் பருவத்தில்தான். மாதவிலக்கு தொடங்கிய மாணவியருக்கு இரும்புச்சத்து கூடுதலாகத் தேவைப்படுகிறது. எனவே, பெரியவர்களுக்கான எடைக் குறியீட்டு எண்ணை வைத்துப் பதின்ம வயதினர் தம்மை மதிப்பிடக் கூடாது. அவர்களுக்கு வயது, பால் ஆகியவற்றைக் கருத்தில் கொண்ட தனி வளர்ச்சி வரைபடங்கள் உள்ளன. இந்த வயதில் பலருக்கு எடையைக் குறைப்பது தேவையே இல்லை. உயரம் கூடும்போது எடை ஏறாமல் இருந்தாலே போதுமானது.

படிவம் நான்கில் பயிலும் ஒரு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். வகுப்பில் யாரோ சொன்ன ஒரு கேலிச் சொல் அவர் மனத்தில் தைத்துவிடுகிறது. காலை உணவை நிறுத்துகிறார். ஓய்வு வேளையில் சிற்றுண்டிச்சாலைக்குச் செல்வதில்லை. "பள்ளியிலேயே சாப்பிட்டுவிட்டேன், அம்மா" என்று வீட்டில் சொல்கிறார். பதினோரு மணிக்குக் கணிதப் பாடத்தில் தலை சுற்றுகிறது. மாலையில் வீடு திரும்பியதும் பசி தாங்காமல் கையில் அகப்பட்ட பிஸ்கட்டுகளை எல்லாம் உண்டுவிட்டு, அழுகிறார். இரவில் மறுபடியும் பட்டினி. இவர் சோம்பேறியும் அல்லர், பேராசைக்காரரும் அல்லர். பசித்த உடல் எதைச் செய்யுமோ அதைத்தான் அவரது உடல் செய்கிறது.

மின்னசோட்டா மாநிலத்தில் 2,500-க்கும் மேற்பட்ட பதின்ம வயதினரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு, 2006-இல் கவலை தரும் முடிவை வெளியிட்டது. எடையைக் குறைக்க 'டயட்' இருந்தவர்களே, அவ்வாறு இல்லாதவர்களைவிட ஐந்தாண்டுக்குப் பின் மிகை எடைக்கு ஆளாகும் வாய்ப்புக் கூடுதலாகக் கொண்டிருந்தனர். கட்டுமீறி உண்ணுதல், உண்டதை வாந்தியெடுத்தல் போன்ற ஆபத்தான பழக்கங்களும் அவர்களிடையே மிகுதியாகக் காணப்பட்டன.

எனவே, இப்பருவத்தினர் கவனம் செலுத்த வேண்டியவை எடைக்கருவி காட்டும் எண்ணை அன்று, பழக்கங்களையே. காலை உணவைத் தவிர்க்காமை, இனிப்புப் பானத்துக்குப் பதில் தண்ணீர், தட்டில் அரைப் பங்கு காய்கறி, பழம், போதிய உறக்கம், நாள்தோறும் ஒரு மணி நேர உடலியக்கம் ஆகியவை எல்லாருக்கும் பொருந்தும். ஒல்லியாக இருப்பவருக்கும் பொருந்தும். குடும்பமே ஒன்றாக இம்மாற்றங்களைச் செய்தால், வீட்டில் ஒருவர் மட்டும் தனிமைப்படுத்தப்பட மாட்டார்.

நண்பர் ஒருவர் தொடர்ந்து உணவைத் தவிர்த்தாலோ, உண்டபின் மறைவாக வாந்தியெடுத்தாலோ, தம் உடலைப் பற்றி ஓயாது வெறுப்புடன் பேசினாலோ, அதை இரகசியமாகக் காப்பது நட்பாகாது. பெற்றோர், பள்ளியின் ஆலோசனை ஆசிரியர், அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையம் ஆகியோரிடம் கொண்டு செல்வதே உதவி. உடல் அமைப்பைச் சுட்டிப் பட்டப்பெயர் வைத்து அழைப்பவர், "விளையாட்டுக்குத்தான் சொன்னேன்" என்று சொல்லித் தப்பிவிடலாம். கேட்டவரோ அந்தச் சொல்லை ஒவ்வொரு வேளை உணவின்போதும் சுமக்கிறார்.

சிறு மாற்றம், நிலையான பயன்

உடல்நலம் மேம்பட மிகப் பெரிய எடை இழப்பு தேவையில்லை. நீரிழிவு வரும் இடரில் இருந்த 3,234 பெரியவர்களைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2002-இல் வெளியானது. ஒரு குழுவினருக்கு இரண்டு இலக்குகள் தரப்பட்டன: உடல் எடையில் 7 விழுக்காடு குறைத்தல், வாரத்திற்கு 150 நிமிடம் விறுவிறுப்பான நடை போன்ற உடற்பயிற்சி. அக்குழுவில் நீரிழிவு ஏற்படுவது 58 விழுக்காடு குறைந்தது. இது மருந்து உட்கொண்ட குழுவினர் பெற்ற பயனைவிடக் கூடுதல். 80 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு 7 விழுக்காடு என்பது வெறும் 5.6 கிலோகிராம்தான். வாரத்திற்கு அரைக் கிலோகிராம் என்று மெல்லக் குறைத்தாலும் மூன்று மாதத்திற்குள் எட்டக்கூடிய இலக்கு அது. எட்டிய பின் அதைக் காத்துக்கொள்வதே பெரிய பணி.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் உணவைப் பற்றியே மிகுதியும் பேசுகிறார். முன்பு உண்டது செரித்ததை அறிந்து, அளவு தெரிந்து உண்பவனுக்கு மருந்தே வேண்டியதில்லை என்பது அவர் கருத்து. உடலுக்கு ஒவ்வாததைத் தவிர்க்கச் சொன்ன அவர், சுவையானது என்பதற்காக எதையும் விலக்கச் சொல்லவில்லை. பசியை அறிதல், அளவை அறிதல் ஆகிய இரண்டும் ஒருவர் தமக்குள்ளேயே வளர்த்துக்கொள்ள வேண்டிய திறன்கள். விலக்கப்பட்ட உணவுகளின் பட்டியலை யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்துவிடலாம். அளவை அறியும் திறனை ஒவ்வொருவரும் வேளைக்கு வேளை பழகித்தான் பெற முடியும். ஒரு வேளை தவறினாலும், அடுத்த வேளை அதற்கான வாய்ப்போடு வருகிறது.

சிந்தித்து விடையளித்திடுக

1. மின்னசோட்டா ஆய்வில் பங்கேற்ற இளைஞர்களுக்கு மனவுறுதி இல்லை என்று கூற முடியாது. ஏன்?

2. பால் பானச் சோதனையில் இருவகை மாணவியரின் நடத்தைக்கு இடையே இருந்த வேறுபாட்டை விளக்கிடுக. அவ்வேறுபாட்டிற்கான காரணம் யாது?

3. "ஐந்து நாள் இறுக்கமும் இரண்டு நாள் தளர்ச்சியும் நெகிழ்வு ஆகா." இக்கூற்றுக்குச் சான்றாகப் பனுவலில் தரப்பட்டுள்ள தகவல் யாது?

4. உமது வீட்டில் நேற்று உண்ட ஒரு வேளை உணவைக் குறிப்பிட்டு, அதே உணவைத் தட்டு முறைக்கு ஏற்ப எவ்வாறு பரிமாறலாம் என எழுதுக.

5. உடல் எடையைக் கட்டுப்படுத்துவது தனிமனிதரின் பொறுப்பு மட்டுமா? அரசு, பள்ளி, குடும்பம் ஆகியவற்றின் பங்கினைக் குழுவில் கலந்துரையாடிடுக.